பக்கத்து வீட்டில் இருப்பவர் யார்?

1994 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மேகன் என்ற 7 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். கொன்றவன் எதிர்வீட்டில் குடியிருந்தவன். சிறுமிகளிடம் அத்துமீறியதற்காக ஏற்கெனவே இருமுறை தண்டனை பெற்றவன். அந்த விவரம் மேகனின் பெற்றோருக்குத் தெரியாது.

அவர்களுடைய போராட்டத்தால், பதிவேட்டில் உள்ள பாலியல் குற்றவாளிகளைப் பற்றி அக்கம்பக்கத்தினருக்குத் தெரிவிக்கும் சட்டம் மூன்றே மாதங்களில் அம்மாநிலத்தில் வந்தது. 1996இல் அது நாடு முழுவதற்குமானது. இன்று அமெரிக்க நீதித் துறையின் இணையதளத்தில் ஒருவர் பெயரையோ ஊரின் அஞ்சல் குறியீட்டையோ கொடுத்துத் தேடினால், பதிவேட்டில் உள்ளவரின் படம், முகவரி, செய்த குற்றம் எல்லாம் கிடைக்கின்றன. கட்டணம் இல்லை, காரணம் சொல்லவும் வேண்டாம்.

ஆனால் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்கள் மட்டுமே. குழந்தைகளைச் சீரழிப்பவர்களில் பெரும்பாலோர் அக்குழந்தைகளுக்குத் தெரிந்தவர்கள், உறவினர்கள். வீட்டுக்குள் நடப்பது வெளியே வராதவரை எந்தப் பதிவேடும் அதைக் காட்டாது. இன்னொரு சிக்கல், சிறுவயதில் தவறு செய்தவர்களும் பட்டியலில் ஏறிவிடுவது. பதிவேட்டுக்கு அடித்தளமிட்ட, அதே 1994ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்துக்கு, 11 வயதில் கடத்தப்பட்ட ஜேக்கப் வெட்டர்லிங்கின் பெயரைத்தான் வைத்தார்கள். அதற்காகப் பாடுபட்ட அவனுடைய தாயே, பட்டியல் அளவுக்கு மீறி விரிந்துவிட்டது என்று பின்னாளில் எச்சரித்தார்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2000இல் ஒரு செய்தித்தாள் பாலியல் குற்றவாளிகளின் படங்களை வெளியிட்டதும் போர்ட்ஸ்மவுத் நகரில் கலவரம் மூண்டது. எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்கள்கூட வீட்டை விட்டு ஓடின. எனவே அங்கே பட்டியல் பொதுவில் இல்லை. தன் குழந்தையிடம் நெருங்கிப் பழகும் ஒருவரைப் பற்றி ஐயம் வந்தால் காவல் துறையிடம் கேட்கலாம். ஆபத்து இருந்தால், குழந்தையைக் காக்கும் நிலையில் உள்ளவரிடம் மட்டும் சொல்வார்கள். அவர் அதை வெளியே பரப்பக் கூடாது. கேட்க வேண்டியவருக்குத் தகவல் கிடைக்கிறது, கும்பலின் கையில் அது சிக்குவதில்லை. இரண்டில் இதுவே மேல்.

இந்தியாவிலும் 2018 முதல் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் உண்டு. தொடங்கியபோதே அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. பார்க்கும் உரிமை காவல் துறை போன்ற விசாரணை அமைப்புகளுக்கே. பிரிட்டனைப் போலப் பெற்றோர் கேட்டறிய ஒரு வழி இங்கும் வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள். பள்ளியோ காப்பகமோ விளையாட்டுப் பயிற்சி மையமோ, குழந்தைகளுடன் பழகும் ஊழியர் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல் துறை மூலம் அவ்வப்போது சரிபார்த்தாக வேண்டும். நீச்சல் பயிற்சியாளர் முதல் ஒப்பந்த ஊழியர் வரை அது நடந்ததா, கடைசியாக எப்போது என்று பள்ளி நிர்வாகத்திடம் பெற்றோர் இன்றே கேட்கலாம்.