எட்டரையா, ஏழரையா?

கம்மலை அடகு வைக்கிறார்கள், தோழர்களே! வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். மகள் செவிலியர் படிப்பை முடித்துவிட்டாள். ஜெர்மன் மொழி கற்றுத் தேறினால் ஜெர்மனியிலே வேலை. வேலை கிடைத்தால் வீடு தலைநிமிரும் என்ற நம்பிக்கையிலே, தறி ஓட்டும் தந்தையும் தீப்பெட்டி ஒட்டும் தாயும் வகுப்புக் கட்டணத்தை எண்ணி எண்ணிக் கட்டுகிறார்கள்.

வீண் நம்பிக்கை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2022 டிசம்பர் 5 அன்று, இந்தியாவும் ஜெர்மனியும் வேலைக்காகக் குடிபெயர்வோர் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 அக்டோபரில், தொழில் தெரிந்த இந்தியர்க்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. அங்கே முதியவர்கள் பெருகிவிட்டனர். அவர்களைப் பேணும் கைகள் குறைந்துவிட்டன. ஆகவே அழைக்கிறார்கள். அழைப்போடு ஒரு நிபந்தனையும் வருகிறது. செவிலியராகப் பதிவு பெற, பெரும்பாலும் பி-2 என்ற நிலை வரை மொழியிலே தேற வேண்டும். நியாயமான நிபந்தனைதான். நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலி என்று சொன்னால், செவிலிக்கு அது புரிந்தாக வேண்டுமே!

ஆனால் அந்த மொழியை இங்கே எப்படிக் கற்றுத் தருகிறார்கள்? அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

டெர், டீ, டாஸ்! ஆண்பால், பெண்பால், இரண்டிலும் சேராத பால்! மேசை ஆண்பாலாம், கதவு பெண்பாலாம், சிறுமியோ இரண்டிலும் சேராதவளாம்! அட்டவணை போடுகிறார்கள், ஒப்பிக்கச் சொல்கிறார்கள், தாள் எழுதச் சொல்கிறார்கள். இலக்கணம் வேண்டாம் என்று சொல்வோர் நாமல்ல. இலக்கணம் எலும்பு, எலும்பில்லாமல் உடல் நிமிர்ந்து நிற்காது. ஆனால் எலும்பு மட்டும் எழுந்து நடந்ததாகக் கதையிலேதான் கேட்டிருக்கிறோம்!

ஒரு மொழியைப் பேசும் மக்கள் எப்படி எழுகிறார்கள், எப்படி உண்கிறார்கள், யாரை எப்படி அழைக்கிறார்கள், எதை மரியாதை என்கிறார்கள், உழைப்பவனுக்கு என்ன உரிமை வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் பண்பாடு. விழா நாளிலே ஒருமுறை படம் காட்டி முடித்துவிடுகிற சங்கதியல்ல அது. நாள்தோறும் நடக்கும் மொழிப் பாடத்துக்குள்ளே, பாவோடு ஊடு போல அது நெய்யப்பட வேண்டும். நெசவாளத் தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? பாவு மட்டும் ஓடினால் அது நூல்தான், துணியாகுமா?

ஒன்றைப் பாருங்கள். மணி சொல்லும் பாடம், எந்த மொழிப் புத்தகத்திலும் உண்டு. ஜெர்மானியர் 'ஹால்ப் ஆக்ட்' என்பார்கள். ஹால்ப் என்றால் அரை. ஆக்ட் என்றால் எட்டு. அரையும் எட்டும் தமிழன் காதிலே விழுந்தால் என்ன ஆகும்? எட்டரை ஆகும்! அவர்களுக்கோ அது ஏழரை! எட்டாவது மணியிலே பாதி ஓடியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. எட்டு அடித்து அரை ஆகியிருக்கிறது என்பது நம் கணக்கு. இரண்டு கணக்கிலும் பிழையில்லை. ஆனால், "நாளைக் காலை ஹால்ப் ஆக்ட்டுக்கு வந்துவிடு" என்று மேற்பார்வையாளர் சொல்லி, நம் பெண் எட்டரைக்குப் போய் நின்றால்? ஒரு மணி நேரத் தாமதம்! முதல் நாளே முகச்சுளிப்பு! உழைத்து உழைத்துக் காய்த்துப்போன கையோடு பிறந்த குடும்பத்துப் பெண்ணுக்குச் 'சோம்பேறி' என்று பட்டம்! மணிப் பாடத்தன்று ஐந்து நிமிடம் நின்று இதை விளக்கியிருந்தால், அந்தப் பட்டம் வந்திருக்குமா?

குடும்பப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓமா' என்றால் பாட்டி. 'ஓப்பா' என்றால் தாத்தா. நம் பெண் ஒழுங்காகப் படிக்கிறாள். அங்கே முதியோர் இல்லத்திலே தள்ளாத வயதுடைய அம்மையாரைப் பார்க்கிறாள். தாய்நாட்டுப் பாசம் பொங்குகிறது. "ஓமா!" என்று அழைக்கிறாள். நம் ஊரிலே அது அன்பு. அறிமுகமில்லாத கிழவியையும் 'பாட்டி' என்போம், 'ஆயா' என்போம், அவர் உள்ளம் குளிரும். அங்கேயோ, தன் பேரப்பிள்ளையல்லாத ஒருவர் அப்படி அழைப்பது, முதுமையைச் சுட்டி மதிப்பைக் குறைப்பதாகக் கொள்ளப்படும். குடும்பப் பெயருக்கு முன்னே 'ஃப்ராவ்' சேர்த்து, 'ஸீ' என்று மரியாதைப் பன்மையிலே பேச வேண்டும். சொல் சரி, பால் சரி, உச்சரிப்பும் சரி, உறவு மட்டும் பிழைத்துப் போயிற்று!

'ஸீ' என்பதும் 'டூ' என்பதும் நமக்குப் புதிதா? நீங்கள் என்கிறோம், நீ என்கிறோம். யாரிடம் எது என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஆங்கில வழியே ஜெர்மன் கற்பிக்கும் வகுப்புகளில், இரண்டுக்கும் எதிரே 'யூ' என்று ஒரே பொருளை எழுதிப் போடுகிறார்கள். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்கள்! தமிழைப் பக்கத்திலே வைத்து ஒப்பிட்டால் ஒரு நிமிடத்திலே விளங்குவதை, ஒரு வாரம் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

முதல் பாடத்திலேயே ஒரு முள் இருக்கிறது. 'உன் பெயர் என்ன?' என்ற பாடம். படிவத்திலே இரண்டு கட்டம்: ஒன்று தன் பெயருக்கு, மற்றொன்று குடும்பப் பெயருக்கு. தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் முதல் எழுத்து, பிறகு தன் பெயர், அவ்வளவுதான். கட்டத்தை நிரப்பத் தந்தை பெயரை எழுதுகிறாள் கயல்விழி. அன்று முதல் அவள் அங்கே 'ஃப்ராவ் முருகேசன்'! அப்பாவையா அழைக்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்ப்பாள்! பெயருக்குப் பின்னே ஒட்டியிருந்த சாதி வாலை வெட்டி எறிய வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது; பெயரின் பின்னே வாலில்லாமல் தமிழன் நடமாடுவதற்கு அந்த வரலாறும் ஒரு காரணம். இதை அவள் நான்கு வாக்கியத்திலே ஜெர்மன் மொழியிலேயே சொல்லப் பழக்கினால் என்ன? பெயர்ப் பாடமும் நடந்தது, தன்மானமும் வளர்ந்தது!

இனி, பாட்டாளியின் வயிற்றைத் தொடும் பாடத்துக்கு வருகிறேன். 'க்ராங்க்' என்றால் நோயுற்ற என்று பொருள். தலைவலி, வயிற்றுவலி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சொற்கள் தருகிறார்கள். நல்லது. ஆனால் காய்ச்சல் கண்ட தொழிலாளி அன்று காலையே தாமதமின்றி வேலையிடத்துக்குச் சொல்ல வேண்டும். நோய் மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவர் சான்று வேண்டும். கேட்டால் அதற்கு முன்பே பெற வேண்டும். வேலையிலே சேர்ந்து நான்கு வாரம் ஆகியிருந்தால், நோய்க்காலத்திலே 6 வாரம் வரை முழுச் சம்பளம் அவன் சட்ட உரிமை என்பதையெல்லாம் அந்தப் பாடத்திலே யார் சொல்கிறார்கள்? சொல் தெரிந்து உரிமை தெரியாதவள், காய்ச்சலோடு வேலைக்குப் போவாள். அல்லது சொல்லாமல் படுத்திருந்து கண்டிப்புக்கு ஆளாவாள்.

'பெட்ரீப்ஸ்ராட்' என்று ஒரு சொல் இருக்கிறது. தொழிலாளர் தாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிக் குழு அது. 1952-இல் சட்டம், 1972-இல் புதிய சட்டம். ஐந்து பேர் நிலையாக வேலை செய்யும் இடத்திலும் அமைக்கலாம். தேவாலய அமைப்புகள் நடத்தும் மருத்துவமனைகளிலே வேறு பெயரிலே வேறு குழு உண்டு. நம் வகுப்புகளிலே கோட்டை கொத்தளம் காட்டுகிறார்கள். பீர் திருவிழாப் படம் காட்டுகிறார்கள். இந்தச் சொல்லைக் காட்டுகிறார்களா? அதுவும் அந்நாட்டுப் பண்பாடுதானே! உழைப்பாளி போராடிப் பெற்ற பண்பாடு!

சொல்லும் தராமல் சூழலும் தராமல் ஆள் சேர்த்தால் என்ன நடக்கும்? ஜெர்மனியின் வரலாறே பதில் சொல்கிறது. 1955-இல் இத்தாலியோடு, 1961-இல் துருக்கியோடு, இன்னும் பல நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு மேற்கு ஜெர்மனி ஆள் எடுத்தது. 'விருந்தாளித் தொழிலாளர்' என்று பெயர் வைத்தது. 1973-இல் ஆள் எடுப்பது நிறுத்தப்படும் வரையில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் வந்தனர். ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பினர். திரும்பிப் போகிறவனுக்கு மொழி எதற்கு, வழக்கம் எதற்கு என்று எண்ணிவிட்டார்கள். சுரங்கத்துக்கும் எந்திரத்துக்கும் கை வேண்டும். கைக்கு வாய் எதற்கு என்று எண்ணிவிட்டார்கள்!

1973 ஆகஸ்டு. கொலோன் நகரத்து ஃபோர்டு கார்த் தொழிற்சாலை. ஆண்டு விடுமுறைக்குத் துருக்கி போய்த் தாமதமாகத் திரும்பியவர்கள் ஏறத்தாழ 300 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். தொலைவு எவ்வளவு, போய்வர எத்தனை நாள், ஆண்டுக்கு ஒருமுறை தாய் முகம் காண்பவன் எளிதிலே கிளம்பி வருவானா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான துருக்கித் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பிரதிநிதிக் குழு அவர்களோடு நிற்கவில்லை. ஜெர்மன் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் ஒதுங்கினர். ஒரு வாரத்திலே போலீசு நுழைந்து போராட்டம் முடிக்கப்பட்டது. ஒரே எந்திரத்தின் முன் நின்றவர்கள்தாம் இருவரும். ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியாது. மொழியறியாமை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். கூலியும் வேக வேலையும் அங்கே இருந்தன. ஆனால் அந்த அறியாமை, தொழிலாளி பக்கத்திலே நிற்கவில்லை, எதிர்ப்பக்கத்துக்கே உதவிற்று!

வந்து குடியேறுவோர்க்கு நாடு முழுவதற்குமான முறையான மொழிப் படிப்பு 2005-இல்தான் வந்தது. மொழிக்கு 600 மணி நேரம். நாடு, சட்டம், பண்பாடு பற்றி அறியத் தனியே 30 மணி நேரம். அந்த 30, படிப்படியாக 100 ஆயிற்று. பாராட்டுகிறோம். ஆனால் அந்த 100, மொழிப் பாடம் முடிந்தபின் கடைசியிலே வருகிறது. உப்பில்லாமல் சாப்பிட்டு முடித்தவன் கையிலே, எழுந்திருக்கும்போது ஒரு பிடி உப்பைக் கொடுத்தது போல!

கலந்து கற்பது புதிய சரக்கா? ஜெர்மனியிலே சாக்சனி நாட்டிலே பிறந்த சீகன்பால்கு, 1706-இல் தரங்கம்பாடிக் கரையிலே வந்து இறங்கினார். சமயம் பரப்ப வந்தவர் அவர். அந்த நோக்கத்தை ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். தமிழை எப்படிக் கற்றார் என்பதைப் பாருங்கள். திண்ணைப் பள்ளி ஆசிரியரை வரவழைத்தார். சிறுவர்களோடு தரையிலே அமர்ந்து மணலிலே விரலால் எழுதினார். ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். தமிழர்களுக்குக் கடிதம் எழுதி அவர்களது வழக்கங்களையும் எண்ணங்களையும் கேட்டுக் கேட்டுப் பதில் பெற்றார். 1716-இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியிலே அச்சேறிற்று. ஆனால் நம் தெய்வங்களைப் பற்றியும் வழிபாட்டு முறைகளைப் பற்றியும் 1713-இல் அவர் எழுதி அனுப்பிய நூலை, அச்சிடத் தகாதது என்று அங்கே ஒதுக்கிவிட்டனர். அது 1867-இல் சென்னையிலேதான் அச்சேறிற்று! இலக்கணத்துக்கு மதிப்பு, மக்கள் வாழ்க்கைக்குப் பரண்! 300 ஆண்டு கழித்து, அவர் பிறந்த நாட்டுக்குப் போகும் நம் பெண்ணுக்கும் அதே பரண் பாடந்தானா?

"நேரம் ஏது? தேர்வு தலைமேல் நிற்கிறதே!" என்பார் ஆசிரியர். அவர் துன்பம் நமக்குத் தெரியும். புதிய பாடவேளை கேட்கவில்லை, ஐயா! மணிப் பாடத்திலே மணி வழக்கம். பெயர்ப் பாடத்திலே பெயர் வழக்கம். உணவுப் பாடத்திலே, இரவிலே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆறிய உணவாகவே உண்ணும் வீடுகள் அங்கே ஏராளம் என்ற செய்தி. உடனே ஒரு கேள்வி: "நம் ஊரிலே எப்படி?" அவ்வளவுதான். 1996-இல் அமெரிக்க நாட்டு மொழியாசிரியர்கள் வகுத்த நெறியிலே ஐந்து கூறுகள். பண்பாடும் ஒப்பீடும் அவற்றுள் இரண்டு. பேச்சுக்குச் சமமான இடத்திலே அவற்றை வைத்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஜெர்மானியர் எல்லாரும் இப்படித்தான் என்று அச்சு வார்த்துத் தரக்கூடாது. தெற்கே பவேரியாவிலே 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்வான். வடக்கே ஹாம்பர்கிலே 'மொய்ன்' என்பான். நாகர்கோவிலும் சென்னையும் ஒன்றுபோலவா பேசுகின்றன? இன்னொன்று: அறிவது வேறு, அடிபணிவது வேறு. 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே எழுதிய குறிப்பிலே, நிறத்தால் இந்தியராகவும் சுவையாலும் கருத்தாலும் ஆங்கிலேயராகவும் ஒரு கூட்டத்தை உண்டாக்கத் திட்டமிட்டார். மொழியோடு பண்பாடும் வந்தது, எஜமானாக வந்தது! நாம் கேட்பது அந்த வகையல்ல. அவர் வீட்டுக்குள்ளே போகும் வழியையும் காட்டு. நம் வீட்டைப் பற்றிச் சொல்லும் சொல்லையும் கொடு என்கிறோம்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு வரும் பெற்றோரிடம் சொல்லுங்கள். பணம் கட்டுமுன் வகுப்பு நடத்துவோரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மணிப் பாடத்தன்று ஏழரையையும் எட்டரையையும் பிரித்துக் காட்டுவீர்களா? நோய்ப் பாடத்தன்று 6 வாரச் சம்பளத்தைச் சொல்வீர்களா? எங்கள் பெண் எங்கள் ஊரைப் பற்றி ஜெர்மன் மொழியிலே பேச, வாரம் ஒரு நாளாவது இடம் தருவீர்களா?

'ஆம்' என்றால் கட்டணத்தைக் கட்டட்டும். விழித்தால், பணத்தை மடியிலே முடிந்துகொண்டு அடுத்த வகுப்பைப் பார்க்கட்டும். அடகுக்கடையிலே இருக்கும் கம்மலை மீட்க வேண்டியவள் அந்தப் பெண்தானே!