செஞ்சியில் மிஞ்சிய இரண்டு அதிரசம்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜா தேசிங்கின் வீரத்தைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் போன அன்று அதிரசத்தைப் பற்றித்தான் பேச்சு!

பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பன்னிரண்டு பேர். நான் சுட்டுக்கொண்டு போனது 50 அதிரசம். ராஜகிரி அடிவாரத்தில், பழைய நெற்களஞ்சியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பங்கு போட்டேன். ஆளுக்கு நான்கு போக, இரண்டு மீதி. அந்த இரண்டுக்காகக் குழந்தைகள் நடத்திய யுத்தத்தைப் பார்த்திருந்தால் தேசிங்கு ராஜாவே குதிரையைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்.

குழந்தைகளின் பெரியப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். "ஏம்மா, 48 சுட்டிருக்கக் கூடாதோ?" என்றார்.

"இரண்டைக் குறைத்தால் கஞ்சத்தனம் என்பீர்களே!"

"கஞ்சத்தனம் இல்லையம்மா, சமர்த்து. 50 அதிரசத்தை 2, 5, 10, 25 பேருக்குத்தான் சரியாகப் பங்கிடலாம். 48 என்றால் 2, 3, 4, 6, 8, 12, 16, 24 பேருக்கு மீதியில்லாமல் கொடுக்கலாம். 48-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இவ்வளவு தாராளம் கிடையாது."

இப்படித் தனக்கு முந்திய எண்கள் எல்லாவற்றையும்விட அதிக விதமாகப் பங்கு போகிற எண்ணை 'மிகு பகு எண்' என்கிறார்கள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகிறது. டஜன், நாளுக்கு 24 மணி, 60 நாழிகை எல்லாம் இந்தக் குடும்பந்தான். இவற்றை ஆராய்ந்து பெரிய கட்டுரை எழுதியவர் நம் கும்பகோணம் ராமானுஜன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குத் தென்மேற்கே, அதே பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் இருக்கிறது திருக்கோவிலூர். 1910-ல் ராமானுஜன் வேலை தேடி அங்கே வந்தார். கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். முந்தின வருஷந்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா உத்தியோகம். அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர், வேலை கொடுக்கவில்லை! ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் இந்த மேதை அணைந்துபோகும் என்று நினைத்து, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். எப்பேர்ப்பட்ட உபகாரம்! பிள்ளையின் சம்பாத்தியத்தை எதிர்பார்த்திருந்த தாயார் கோமளத்தம்மாளுக்கு அது அன்று உபகாரமாகத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே தன் கையால் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு எழுதிய அந்தக் கட்டுரை 1915-ல் வெளிவந்தது. லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண முடை. அதனால் முழுவதும் அச்சாகவில்லை. மீதிப் பகுதி 1997-ல்தான் பத்திரிகையில் வந்தது! ஆனாலும் அச்சான பகுதிக்கே 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. இங்கே எஃப்.ஏ. தேறாதவருக்கு!

அந்த எண்களைச் செய்கிற பக்குவம் நம் சமையலைப் போலத்தான். 2, 3, 5, 7 என்ற பகா எண்களே சாமான்கள். சின்னதை அதிகமாகவும் பெரியதைக் கொஞ்சமாகவும் சேர்க்க வேண்டும். 48-ல் நான்கு 2, ஒரு 3. ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: ஐந்து தரம் இரண்டு, 10. பெரியப்பா சொன்ன எட்டோடு 1-ஐயும் 48-ஐயும் சேர்த்தால் அதே 10.

ராமானுஜன் கையாலேயே போட்ட பட்டியல் 6746328388800 வரை போகிறது. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் கோடி. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10080. நூற்றுச் சொச்சம் எண்கள் உள்ள அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று மட்டும் எப்படியோ விட்டுப் போயிற்று: 293318625600. அதில் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. அதை வகுக்கும் எண்கள் 5040.

மேதைக்கும் கை தவறும் என்று கேட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம். நான் 50 சுட்டவள் அல்லவா!

வேடிக்கை இன்னும் இருக்கிறது. விட்டுப்போன அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால் என்ன வருகிறது தெரியுமா? பஸ்ஸில் திரும்பும்போது என் பெண் டிக்கெட்டின் பின்புறத்தில் பெருக்கிக் காட்டினாள். நீங்களும் பென்சிலை எடுங்கள். பட்டியலின் கடைசி எண் அப்படியே வந்து நிற்கும்.

மிஞ்சிய இரண்டு அதிரசமா? நாங்கள் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோதே கோட்டைக் குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது.