துறைமுகமும் மாளிகையும்: முகத்துவாரத்தின் வரலாறு பற்றிய மலையக நோக்கு

நகர வரலாறு எழுதுவோர் செல்வர் குடியிருப்புகளின் தோற்றத்தைக் கடற்காற்று, காட்சிவளம், ஆளுவோரின் இரசனை என்பவற்றைக் கொண்டு விளக்குவது வழக்கம். இவ்விளக்கம் முழுமையானதன்று. ஒரு துறைமுகத்தின் அருகே செல்வர் ஏன் குடியேறினர், பின்னர் ஏன் விலகிச்சென்றனர் என்னும் வினாக்களுக்கு விடை காணவேண்டுமாயின், அத்துறைமுகத்தினூடாகச் சென்ற பண்டம் எது, அதனை விளைவித்தோர் யாவர், ஏற்றி இறக்கியோர் யாவர் என்பவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். கொழும்பின் வட எல்லையில், களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தை அண்டி அமைந்த முகத்துவாரம் இதற்குத் தக்க சான்றாகும். அப்பகுதியின் ஏற்ற இறக்கங்கள் நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா முதலிய மலைப்பகுதிகளின் வரலாற்றோடு பிணைந்தவை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகத்துவாரமும் அதனையடுத்த கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் ஆகியனவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொழும்பின் உயர்குடியினர் விரும்பி வாழ்ந்த புறநகர்ப் பகுதிகளாக விளங்கின. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் பணிபுரிந்த ஆங்கில அதிகாரிகள், வணிகர், பறங்கியச் சட்டத்தரணிகள் முதலியோர் இங்கு விசாலமான வளவுகளில் வாழ்ந்தனர். குடியேற்றச் செயலாளராகப் பதவி வகித்த பிலிப் அன்ஸ்ருதரின் ஈலி ஹவுஸ், புகழ்பெற்ற சட்டத்தரணி சேர் ரிச்சர்ட் மோர்கன் வாழ்ந்த விஸ்ட் பங்களா என்பன இப்பகுதியின் பெயர்பெற்ற இல்லங்கள். 1851இல் ஆயர் ஜேம்ஸ் சப்மன் புனித தோமையார் கல்லூரியை நிறுவுவதற்கு முகத்துவாரத்தையே தெரிவு செய்தார். அதனோடிணைந்த கிறிஸ்து ஆலயம் 1854 முதல் 1973 வரை ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராலயமாக இருந்தது. கல்வி, சமயம், அதிகாரம் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் குவிந்திருந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கடற்காட்சி மட்டுமே காரணமாயின் கொழும்பின் தென்கரையும் அவ்வாறே விரும்பப்பட்டிருத்தல் வேண்டும். வடபகுதி முதன்மை பெற்றமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அக்காலத்திற் கண்டி வீதி, களனி கங்கையின் மேல் 1822இல் அமைக்கப்பட்ட படகுப் பாலத்தைக் கடந்து கிராண்ட்பாஸ் வழியாகவே நகரினுட் புகுந்தது. மலைநாட்டிலிருந்து மாட்டுவண்டிகளில் வந்த கோப்பி இவ்வழியே பண்டசாலைகளை அடைந்தது. அங்குப் பெண் தொழிலாளர் அதனை உலர்த்தித் தரம்பிரித்தனர். கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகள் பண்டத்தைக் கொண்டுசென்று ஏற்றின. வீதி, பண்டசாலை, துறை, அலுவலகம் ஆகிய யாவும் முதலாளியின் இல்லத்திற்கு அண்மையில் அமைந்திருந்தன. பாய்க்கப்பற் காலத்துத் துறைமுகம் புகையும் பேரிரைச்சலும் அற்றது. ஆகவே அதனருகே வாழ்தல் வசதியானதாகவும் இனிமையானதாகவும் இருந்தது.

அம்மாளிகைகளுக்கும் மலைக்காடுகளுக்கும் இடையிலான தொடர்பு இன்னும் நேரடியானது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் உடைமையாக்கியது. 1844 வரை அத்தகைய நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்கு விற்கப்பட்டது. அதனை வாங்கியோருள் நிலத்தை விற்ற அரசின் உயர் அதிகாரிகளே பலராவர். அன்ஸ்ருதரும் அவர்களுள் ஒருவர். கரையில் எழுந்த இல்லங்களின் வரலாற்றைக் காணிக் கொள்வனவின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. அக்காணிகளிற் பணிபுரியத் தமிழகத்திலிருந்து வந்தோரோ, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறினர். அவர்களின் உழைப்பு கொழும்பை அடைந்தது. அவர்களுட் பெரும்பாலோர் அடையவில்லை.

1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்ததும், தேயிலை அதன் இடத்தைப் பிடித்ததும் நாமறிந்தவை. இம்மாற்றத்தின் சமூகப் பொருள் ஆழமானது. கோப்பி பருவகாலத் தொழிலாளரை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் நிரந்தரத் தொழிலாளரை வேண்டியது. இதனாலேயே லயன் அறை மலையகக் குடும்பங்களின் நிரந்தர உறைவிடமாயிற்று. 1884இல் இருப்புப்பாதை ஹட்டனை எட்டியது. பொகவந்தலாவை வீதியும் மஸ்கெலியா வீதியும் பிரியும் சந்தியாகிய நோர்வூட், அந்நிலையத்தினூடாகக் கொழும்புடன் இணைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1883இற் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வேற்றுமதிப் பெருக்கத்திற்குத் திறந்த கடற்றுறை போதுமானதாயிருக்கவில்லை. தேசாதிபதி கிரெகரியின் காலத்தில், 1875 டிசம்பரில், வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். நீராவிக் கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்பை நாடலாயின. துறைமுகம் பாதுகாப்புப் பெற்றது. முகத்துவாரமோ தன் அமைதியை இழந்தது. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியைச் சுமக்க ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வேண்டும். கரித்தூசி வளவுகளிற் படிந்தது. புனித தோமையார் கல்லூரி 1918இற் கல்கிசைக்கு இடம்பெயர்ந்தமைக்கு இக்கரித்தூசியும் ஒரு காரணமாகும். ஈலி ஹவுஸ் இருந்த மேட்டில் நகரின் நீர்த்தேக்கம் அமைந்தது.

செல்வர் தெற்கேயும் கிழக்கேயும் நகர்ந்தனர். சாராயக் குத்தகையாலும் கோப்பித் தோட்டங்களாலும் செல்வம் திரட்டிய குடும்பத்தில் வந்த சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா, 1870இல் எடின்பரோக் கோமகனுக்கு விருந்தளித்தது கொள்ளுப்பிட்டிப் பக்கத்து மாளிகையிலேயே. ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலம் கறுவாத்தோட்டம் என்னும் செல்வர் குடியிருப்பாயிற்று; அதன் வீதிகள் வார்ட், பார்ன்ஸ், ஹோர்ட்டன், கிரெகரி எனத் தேசாதிபதிகளின் பெயர்களைத் தாங்கின. தமிழ் உயர்குடியினரும் இப்பெயர்விற் பங்கு கொண்டனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் தந்தையார் கொச்சிக்கடையில் அமைத்த சிவாலயத்தைக் கருங்கல்லாற் புதுக்கினார். ஆயின் அவரது இல்லம் வார்ட் பிளேசில் இருந்தது. கோயில் துறைமுகத்தருகேயும் வீடு கறுவாத்தோட்டத்திலுமாக அமைந்த இந்நிலை அவ்வர்க்கத்தின் சமூக நிலைப்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. அவர் இளவல் அருணாசலம் 1919இல் தோட்டத் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் அமைத்து, கங்காணிமுறையின் துண்டு 1921இல் ஒழிக்கப்படுவதற்கு உழைத்தமை அவ்வட்டத்தின் எல்லையைக் கடந்த செயலாகும்.

பழைய வளவுகள் முடுக்குகளாகத் துண்டாடப்பட்டன. ‘முடுக்கு’ என்னும் நம் சொல் சிங்களத்திலும் சேரிக் குடியிருப்பைக் குறிக்க வழங்குவது, கொழும்பு உழைப்பாளர் வாழ்வு இன எல்லைகளைக் கடந்தது என்பதற்குச் சொல்வழிச் சான்றாகும். 1927இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடைபெற்ற துறைமுக வேலைநிறுத்தம் இம்மக்களின் போராட்டமேயாகும். 1973இன் வீட்டுச்சொத்து உச்சவரம்புச் சட்டம் வாடகைக்குடியினர் பலர் தம் வீட்டுக்கு உரிமையாளராக வழிவகுத்தது. மலையகத்தில் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களின் உடைமையை மாற்றினவாயினும், லயன் அறையில் வாழ்ந்தோரை அவ்வறைக்குக்கூட உரிமையாளராக்கவில்லை. ஒரே பண்டச் சங்கிலியின் இரு முனைகளிலும் நீதி ஒரே அளவாற் பங்கிடப்படவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இவ்வரலாறு இன்று புதிய கட்டத்தை அடைந்துள்ளது. துறைமுகத்தை விட்டகன்ற செல்வம் மீண்டும் துறைமுகத்தருகே வர விழைகின்றது. ஆனால் இம்முறை துறைமுகத்தின் வடக்கேயன்று, தெற்கே, கடலையே நிலமாக்கி. 2014 செப்டெம்பரிற் சீன அதிபரின் முன்னிலையில் தொடங்கப்பட்ட கொழும்புத் துறைமுக நகரத் திட்டம் 269 எக்டேயர் நிலத்தைக் கடலிலிருந்து தோற்றுவித்தது. அதற்கெனக் கடலடி மணல் அகழப்பட்டமையை நீர்கொழும்புப் பகுதி மீனவர் எதிர்த்தனர். 2021இல் அதற்கெனத் தனிச் சட்டமும் ஆணைக்குழுவும் உருவாயின. முடுக்குகளில் வாழ்ந்தோர் பலரோ, 2010இன் பின் நகர அபிவிருத்தி என்னும் பெயரால் வடகொழும்பின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். நோர்வூட்டுக்கு அண்மையிலும் இப்போக்கின் சிறுவடிவைக் காணலாம்: காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த துரைமார் பங்களாக்கள் 2005 முதல் உல்லாச விடுதிகளாயின. உழைப்பு நிகழும் நீர்க்கரையைத் தவிர்ப்பதும், அழகு மட்டும் எஞ்சும் நீர்க்கரையை நாடுவதும் செல்வத்தின் இயல்பாகும்.

ஓர் எளிய கணக்கால் இதனை உணரலாம். 2017 மே 12ஆந் திகதி நோர்வூட்டில் நடைபெற்ற பெருங்கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மலையக மக்களுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடொன்றுக்குப் பத்துப் பேர்ச் வீதம் நிலம் ஒதுக்கினும் அவற்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 253 எக்டேயரே. இது கடலிலிருந்து சில ஆண்டுகளுள் எழுப்பப்பட்ட நிலத்தினும் குறைவு. இல்லாத நிலத்தைப் படைக்கும் ஆற்றலுடைய ஒரு நாட்டில், ஏலவே உள்ள நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பண்படுத்தியோருக்குப் பகிர்ந்தளித்தல் இயலாதென்பது ஏற்கத்தக்க வாதமன்று. தடையாக நிற்பது நிலப்பற்றாக்குறையன்று; நிலம் யாருக்குரியது என்பது பற்றிய கருத்தேயாகும். அக்கருத்து 1840இன் சட்டத்தில் வேரூன்றியது. முகத்துவாரத்தின் மாளிகைகள் மறைந்தபோதும் அது மறையவில்லை என்பதே இவ்வாய்வினால் நாம் பெறும் முடிவாகும்.