ரிவர்ஸில் பல் கடிக்கும் கார்

சமயபுரத்தில் புது காருக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்தும்போது வண்டி பூப்போல உருளும். நாலைந்து வருடம் கழித்து அதே கார், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கோயில் பக்கம் நிறுத்திய இடத்திலிருந்து பின்னால் வர வேண்டியிருக்கிறது. "வா, வா, வரலாம்" என்று ஒருவர் டிக்கியைத் தட்டுகிறார். ஓட்டுபவர் அவசரமாக ரிவர்ஸ் போடுகிறார். 'கர்ர்ர்ர்' என்று இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம். "கியர் பாக்ஸ் போச்சு" என்று யாராவது சொல்லியும் விடுவார்கள்.

அந்த முடிவுக்கு அவ்வளவு சீக்கிரம் வர வேண்டாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளே எது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது?

கரும்புச்சாறு கடையில் உருளைகளின் பக்கவாட்டில் இருக்கும் பல்சக்கரங்களைப் பாருங்கள். ஒன்று வலமாகச் சுற்றினால், அதோடு கோத்த மற்றொன்று இடமாகச் சுற்றும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சக்கரத்தை நுழைத்தால் கடைசிச் சக்கரத்தின் திசை மாறிவிடும். காரின் ரிவர்ஸ் இந்தக் கணக்குதான். நடுவே வந்து நுழையும் அந்தச் சக்கரத்துக்கு ஐட்லர் கியர் என்று பெயர்.

முன்கியர்களின் சங்கதி வேறு. அவற்றின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டு, எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். நாம் கியர் மாற்றும்போது நகர்வது ஒரு வளையம் மட்டுமே. அந்த வளையம் பூட்டிக்கொள்ளும் முன், சிங்க்ரோமெஷ் என்ற சிறு அமைப்பு உராய்ந்து இரு பக்க வேகத்தையும் சமமாக்கிவிடும். ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் பஸ்ஸின் வேகத்துக்கு நாலு எட்டு ஓடி, பிறகு படியில் கால் வைப்பதைப் போல. 1928இல் காடிலாக் நிறுவனம் இதைக் கொண்டுவருவதற்கு முன், ஓட்டுநர்கள் காதையும் காலையும் நம்பியே ஒவ்வொரு கியரையும் போட வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பழைய அம்பாசடரில்கூட முதல் கியருக்கு இந்த வசதி கிடையாது.

பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு இன்றும் அது இல்லை. நின்ற வண்டியில்தானே ரிவர்ஸ் போடப்போகிறோம் என்ற எண்ணத்தில் செலவைக் குறைத்திருக்கிறார்கள். அங்கே நேர்ப்பற்கள் கொண்ட ஐட்லர் சக்கரமே வழுக்கிக்கொண்டு போய்க் கோக்கிறது. பின்னால் ஓடும்போது கேட்கும் 'ஊய்' என்ற இரைச்சல் அந்த நேர்ப்பற்களுடையது, அது குறையல்ல. கியர் விழும் நேரத்தில் வரும் 'கர்ர்ர்'தான் கவனிக்க வேண்டியது.

கார் நின்றுவிட்டால் சக்கரத்தோடு இணைந்த தண்டு நின்றுவிடும். ஆனால் கிளட்ச் பிளேட்டோடு இணைந்த தண்டு? இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், நியூட்ரலில் அந்தத் தண்டு நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுகிறது. கிளட்ச் மிதித்த பிறகும் பழைய வேகத்தில் சற்று நேரம் ஓடித்தான் அடங்கும். அதற்குள் ரிவர்ஸ் தள்ளினால், நிற்கும் பல்லில் ஓடும் பல் மோதும்.

இனி வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள். ஆளில்லாத சமதரையில் வண்டியை நிறுத்தி, பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் கிளட்ச் பெடலுக்கு அடியில் பாருங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் காரிலேயே கழற்றிப் போடுவது வழக்கம். ஒரு செருப்போ, மடங்கிய மேட்டோ அடியில் சிக்கினால் பெடல் முழுதாக இறங்காது. பிரேக்குக்கு அடியில் போனால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பல்லுக்கு நேரே பல் முட்டி ஒருமுறை விழாமல் போகலாம். கிளட்சை மிதித்தபடியே முதல் கியரைப் போட்டு எடுத்துவிட்டு மறுபடி முயன்றால் விழ வேண்டும். எப்போதுமே முரண்டு பிடித்தால், கியர் லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளையோ இணைப்புத் தண்டுகளையோ சரிபார்க்க வேண்டும்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, பத்து எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லையா? வண்டியில் குறையில்லை, அவசரம்தான் காரணம். இன்னொரு வழியும் உண்டு. கிளட்சை விடாமல் முதல் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள். முதல் கியரின் சிங்க்ரோமெஷ் சுற்றும் தண்டைப் பிடித்து நிறுத்திக் கொடுத்துவிடும்.

பத்து எண்ணியும் கடித்தால், மெக்கானிக்குகள் சொல்வதுபோல 'கிளட்ச் கட் ஆகவில்லை' என்று சந்தேகிக்கலாம். கிளட்சை முழுதாக மிதித்தபடி முதல் கியர் போட்டு, பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள். வண்டி தானாக ஊர்ந்தால் சந்தேகம் உறுதி. கேபிள் உள்ள வண்டியில் அது தளர்ந்திருக்கலாம். வெளியிலிருந்தே முறுக்கிச் சரிசெய்யலாம். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சில் காற்றோ கசிவோ இருக்கலாம். பெடலை இரண்டு மூன்று முறை அடித்த பிறகு ரிவர்ஸ் சுலபமாக விழுவது அதற்கு அடையாளம். இவை சரியாக இருந்தால்தான் பிளேட், பிரஷர் பிளேட் பக்கம் போக வேண்டும்.

கிளட்ச் நன்றாகக் கட் ஆகிறது, முன்கியர்களும் ஒழுங்காக விழுகின்றன, ரிவர்ஸ் மட்டும் கடிக்கிறது என்றால் ஐட்லர் பற்கள் தேய்ந்திருக்கலாம். கியர் பாக்ஸைத் திறக்கும் வேலை அப்போதுதான் வருகிறது. சத்தத்தைச் சட்டை செய்யாமலே ஓட்டினால் அந்த நாள் சீக்கிரம் வரும். ஒவ்வொரு 'கர்ர்ர்'ரிலும் பற்களின் முனை மழுங்குகிறது. உதிரும் இரும்புத் துகள் கியர் ஆயிலில் கலக்கிறது.

ஆகவே ஒர்க்‌ஷாப்பில் "ரிவர்ஸ்ல சத்தம் வருதுண்ணே" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்ஜின் ஆஃப்ல சரியா விழுது, ஆன்ல பத்து எண்ணியும் கடிக்குது, பெடலை ரெண்டு தடவை அடிச்சா விழுதுண்ணே" என்று சொல்லுங்கள். அவர் கியர் பாக்ஸைத் தொடாமல், பானெட்டைத் தூக்கி முதலில் கிளட்ச் ஆயிலைத்தான் பார்ப்பார்.