பெரிய வீடும் சிறிய வீடும்

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு மாமி முறையான மூதாட்டி ஒருவர் வாழ்ந்துவந்தார். ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். கணவர் காலமாகிவிட்டார், மக்கள் இருவரும் ரொறன்ரோவில் இருக்கின்றனர். முன்னே விறாந்தையும், நான்கு அறைகளும், பின்வளவில் ஒரு மாமரமுமாக அமைந்த வீடு அது. அவற்றுள் அவர் புழங்கியது ஓர் அறையும் குசினியுமே. "பூட்டின அறையளுக்கும் நான்தானே காசு கட்டிறன், தம்பி" என்று அவர் ஒருநாள் சொன்னார். அச்சொல்லே இன்றைய பேச்சுக்குத் தோற்றுவாய்.

பூட்டிய அறைக்குப் பணம் கட்டுவது எப்படி என்று நேயர்கள் வினவலாம். சோலைவரியை எடுத்துக்கொள்வோம். மாநகர சபை இவ்வரியை வீட்டின் ஆண்டுப் பெறுமதியின்மீது நூற்றுக்கு இத்தனை என விதிக்கின்றது. ஆண்டுப் பெறுமதியாவது, அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க தொகை. உரிமையாளர் உண்மையில் வாடகை பெறுகின்றாரா, தனியே குடியிருக்கின்றாரா என்பதை அக்கணக்கு நோக்குவதில்லை. அயலில் மாடிகள் எழுந்து வாடகை ஏறினால், மறு மதிப்பீட்டின்போது பழைய வீட்டின் பெறுமதியும் உடன் ஏறும். ஆண்டு முழுவதற்குமான வரியைச் சனவரி 31ஆந் திகதிக்குமுன் செலுத்துவோருக்கு நூற்றுக்கு 10 கழிவு உண்டு. மாமி அக்கழிவை ஒருபோதும் தவறவிட்டதில்லை. எனினும் தொகை ஆண்டுக்காண்டு அவரது ஓய்வூதியத்தை நெருங்கி வந்தது.

மின்சாரக் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி நூற்றுக்கு 75 உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் அதன்மேல் 66 உயர்ந்தது. நூறு ரூபா கட்டியவர் ஏறத்தாழ இருநூற்றுத் தொண்ணூறு ரூபா கட்டவேண்டியவரானார். பின்னர் அது இறங்கியும் ஏறியும் வந்திருக்கின்றது. ஆயினும், தனியாள் ஒருவருக்கு இது பெருஞ்சுமையன்று. பூட்டிய அறையில் விளக்கு எரிவதில்லை. அவரை உண்மையில் வாட்டியது கூரைதான். கடற்காற்றின் உப்பு யன்னற் கம்பியையும், கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்பையும் அரித்துவிடும். 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்குமிடையே டொலர் ஒன்றின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை சென்றது. இரும்பும், மின்கம்பியும், வர்ணப்பூச்சும் கடல் கடந்து வருவன, அல்லது அப்படி வரும் மூலப்பொருளால் ஆவன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு எழுபது அளவில் உயர்ந்திருந்தன. ஓய்வூதியம் அவ்வாறு உயரவில்லை. ஒழுகும் ஓடோ ஓய்வூதியத்தைக் கேட்டு ஒழுகுவதில்லை.

அப்படியானால் சிறிய வீட்டுக்குப் போய்விடலாமே? சொல்வது எளிது. நம்மவர்க்கு வீடு என்றால் காணி. காணி என்றால் வேலி, கிணறு, மரம். தொடர்மாடியில் வாங்குவது அத்தகைய உடைமையன்று. நிலத்தை உடையவனே அதன்மேலுள்ள கட்டிடத்தையும் உடையவன் என்பது நம் நாட்டில் வழங்கும் உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் கொள்கை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டம், மாடியிலுள்ள ஒரு வீட்டைத் தனி ஆதனமாக உடைமை கொள்ள வழி செய்கின்றது. அதன்படி வீடு ஒருவருக்குத் தனியுரிமை. நிலமும், படிக்கட்டும், மின்தூக்கியும், மேற்றளமும் அனைவருக்கும் பொது. பொதுவான பொருளுக்குப் பொதுவான செலவு உண்டு. காவலாளியின் சம்பளம், நீர்ப்பம்பி, மின்பிறப்பாக்கியின் எண்ணெய் என்பன மாதந்தோறும் முகாமைக் கட்டணமாக வரும். சோலைவரியும் விட்டபாடில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் தனியே வரும். ஆகவே சிறிய வீடு செலவை ஒழிப்பதில்லை. எதிர்பாராது வரும் பெருஞ்செலவை, எதிர்பார்த்து வரும் மாதச் செலவாக மாற்றுகின்றது. மாதவருமானமுள்ள முதியவருக்கு இம்மாற்றம் நன்று என்பதே என் கருத்து.

இங்கே ஒரு பொறி உண்டு. கட்டிடம் எழுப்புவோர் மாமியை நாடி வந்தனர். காணியைக் கொடுத்தால் மேலே எழும் மாடியில் இரண்டு வீடுகள் தருவதாகக் கூறினர். பலர் இம்முறையை ஏற்று நலம் பெற்றுள்ளனர். ஆனால் தொடர்மாடி வரைபடம் முறைப்படி பதிவாகும்வரை அந்த மாடிவீடு சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆதனமாகப் பிறக்கவில்லை. அதற்கு உறுதி எழுத இயலாது. கையில் இருப்பது வெறும் உடன்படிக்கையே. அங்கீகரித்த வரைபடத்துக்கு மேலாக ஒரு தளத்தை உயர்த்திவிட்டாற்கூட இணக்கச் சான்றிதழ் கிடையாது; சான்றிதழ் இல்லையேல் பதிவும் தடைப்படும். குடியிருந்தும் உறுதியின்றி ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர்களை நான் அறிவேன். நொத்தாரிசிடம் முதலிற் கேட்கவேண்டியது விலையை அன்று, வரைபடம் பதிவாகிவிட்டதா என்பதையே.

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. ஜம்பட்டா வீதியை அடுத்த பழைய வீடுகள் பல சுவரோடு சுவர் ஒட்டியவை. அங்கே வீடு சிறிது, உடைமையாளரோ பலர். பாட்டனார் பெயரில் நின்ற உறுதி, பிரிக்கப்படாத பங்குகளாக ஆறேழு பேரிடம் சிதறியிருக்கும். ஒருவர் இலண்டனில், ஒருவர் சென்னையில். எல்லோரும் ஒப்பமிட்டால் அன்றி முழு வீட்டையும் விற்க இயலாது. இணக்கம் ஏற்படாவிடின் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி வழக்கிட வேண்டும். அவ்வழக்கு முடியுமுன் ஒரு தலைமுறையே கழிந்துவிடுவதுண்டு. பெற்றோர் இருக்கும்போதே ஒழுங்கு செய்வது மலிவு.

வரியைப்பற்றியும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், ஆதனத்தை விற்பதால் வரும் ஆதாயத்துக்கு வரி விதிக்கின்றது. இந்நாட்டில் வதியும் ஒருவர் தம் பிரதான வதிவிடத்தை விற்கும்போது, முந்திய மூன்றாண்டுகளும் அதனைத் தொடர்ந்து உடைமையாகக் கொண்டு, அவற்றுள் இரண்டாண்டுகளேனும் அங்கே வாழ்ந்திருந்தால் அவ்வாதாயத்துக்கு விலக்கு உண்டு. முதலில் வெளியேறி, வீட்டைப் பூட்டிவைத்து, நல்ல விலைக்காகக் காத்திருப்போர் இவ்விலக்கை இழத்தல் கூடும். வெளிநாட்டில் வதியும் மக்கள் பின்னர் விற்றால் அவர்களுக்கு அது பொருந்தாது. வாங்கும் வீட்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 4 முத்திரைத் தீர்வையும் உண்டு என்பதை மறவாது கணக்கிடுக.

மாமி இறுதியில் காணியைக் கொடுக்கவில்லை, நேரே விற்றார். இரண்டு தெரு தள்ளி, ஏற்கெனவே பதிவான மாடியொன்றில் ஈரறை வீடு வாங்கினார். உறுதி கைக்கு வந்த பின்னரே சாமான் ஏற்றினார். தேக்கு அலுமாரி மின்தூக்கிக்குள் நுழையவில்லை, படிக்கட்டிலும் திரும்பவில்லை. அது இப்போது கொட்டாஞ்சேனையில் மருமகள் வீட்டில் நிற்கின்றது. அதன் திறப்பு மாத்திரம் மாமியிடம் இருக்கின்றது.