உங்களுக்குத் தெரியுமா? ஒரே கடிதம், ஐந்நூறு பெயர்

வேர்டில் ஒரு கடிதம், எக்செலில் ஐந்நூறு பெயர். இரண்டையும் சேர்த்துவிட்டால் ஐந்நூறு பேருக்கும் அவரவர் பெயர் போட்டு மெயில் போய்விடும். மெயில் மெர்ஜ் என்னும் இந்த வசதி அலுவலக வேலை பார்த்த பலருக்கும் பழக்கம்தான். ஆனால் அதற்கு வராத வேலைகள் மூன்று உண்டு. அவசரத்துக்கு உட்காரும்போதுதான் அவை தெரியவரும். சப்ஜெக்ட் வரியில் ஆளுக்கு ஆள் பெயரோ எண்ணோ மாற்றிப் போட முடியாது; எல்லோருக்கும் ஒரே வரிதான். சிசி, பிசிசி போட இடமே கிடையாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பைலை இணைத்து அனுப்பவும் வழியில்லை. 'அட்டாச்மெண்ட்' என்று ஒரு தேர்வு கண்ணில் படும். அதை நம்பி ஏமாற வேண்டாம். எழுதிய கடிதத்தையே அது இணைப்பாக்கி அனுப்புமே தவிர, உங்கள் பிடிஎஃப்பைத் தொடாது. வேர்டுக்குள் ஓடும் குட்டி நிரலான மேக்ரோவை எழுதுபவர்களுக்கு வேலை கிடைப்பதே இந்த மூன்று ஓட்டைகளால்தான்.

*

மெயில் மெர்ஜ் மைக்ரோசாஃப்டின் கண்டுபிடிப்பு அல்ல. 1978-ல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்துச் செயலிக்குத் துணையாக, 'மெயில்மெர்ஜ்' என்ற பெயரிலேயே ஒரு மென்பொருளை மைக்ரோப்ரோ நிறுவனம் தனி விலைக்கு விற்றது. எல்லாம் புள்ளியில் தொடங்கும் கட்டளைகள். விவரம் எந்தப் பைலில் இருக்கிறது என்று சொல்ல ஒன்று, அதிலிருந்து எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று சொல்ல இன்னொன்று. பெயர் வரவேண்டிய இடத்தில் இருபுறமும் '&' குறி. விவரப் பைலில் காற்புள்ளியால் பிரித்த வரிகள் இருக்கும். இன்று சிஎஸ்வி என்கிறோமே, ஏறக்குறைய அதேதான். அதற்கும் முன்னால், 1964-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய காந்த நாடாத் தட்டச்சுப் பொறி வரிசையில் இரட்டை நாடா மாடல் ஒன்று இருந்தது. ஒரு நாடாவில் கடிதம், மற்றதில் முகவரிகள்.

*

சப்ஜெக்ட் வரியை மாற்றும் வித்தை ரொம்ப எளிது. மேக்ரோ எழுத வேர்டில் உள்ள விபிஏ மொழியில் மெயில்மெர்ஜ் என்றே ஓர் ஆப்ஜெக்ட் இருக்கிறது. எந்த ரெக்கார்டில் தொடங்கி எந்த ரெக்கார்டில் முடிக்க வேண்டும் என்று அதனிடம் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒரே ஒருவருக்கு மட்டும் மெர்ஜ் நடக்கும். அதற்கு முந்தைய வரியில் அந்த ஒருவரின் பெயரையோ பில் எண்ணையோ எடுத்து மெயில்சப்ஜெக்ட்டில் வைத்துவிட்டு, எக்ஸிக்யூட். பிறகு அடுத்த எண். ஐந்நூறு பேருக்கு ஒரு மெர்ஜ் என்றிருந்ததை ஆளுக்கொன்றாக ஐந்நூறு மெர்ஜ் ஆக்குவதுதான் சூட்சுமம். பத்துப் பன்னிரண்டு வரிக்குள் முடிந்துவிடும்.

*

இணைப்புதான் சிக்கலான கதை. வேர்டின் மெயில்மெர்ஜ் ஆப்ஜெக்டுக்கு அது வரவே வராது என்பதால் மேக்ரோ, மெயில் மென்பொருளான அவுட்லுக்கை நேரடியாக எழுப்ப வேண்டும். புது மெயில் ஒன்றைத் திற, டு-வில் முகவரி போடு, சப்ஜெக்ட் போடு, எக்செலில் எழுதிவைத்த பைல் பாதையைப் படித்து இணை, அனுப்பு. ஹால் டிக்கெட், சம்பளச் சீட்டு, பராமரிப்புக் கட்டண ரசீது எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன.

இங்கே ஒரு பொல்லாத வரி உண்டு: 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். மேக்ரோ நடுவில் நிற்கக் கூடாது என்று ஆசைப்பட்டு இதைச் சேர்ப்பார்கள். பைல் இல்லையென்றால் இணைப்பே இல்லாமல் மெயில் போகும், அதுகூடப் பரவாயில்லை. ஒருவரின் பாதையைப் படிக்கும்போது பிழை வந்தால், முந்தைய ஆளின் பாதை மாறாமல் அப்படியே இருக்கும். அவருடைய சம்பளச் சீட்டு இவருக்குப் போய்ச் சேரும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். என் கட்சி: இந்த வரி உள்ள மேக்ரோவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அனுப்புவதற்கு முன்னால் பைல் இருக்கிறதா என்று 'டிர்' கட்டளையால் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்தப் பெயரைத் தனியாகக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தில் 'செண்ட்' இருக்குமிடத்தில் 'டிஸ்ப்ளே' என்று மாற்றினால் மெயில் போகாது, திரையில் விரிந்து நிற்கும். நாலைந்து பேரை அப்படிப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.

*

உலகத்திலேயே மிகப் புகழ்பெற்ற வேர்ட் மெயில் மேக்ரோ எது தெரியுமா? மெலிசா. 1999 மார்ச் 26 அன்று பரவத் தொடங்கிய வைரஸ். ஆபாசத் தளங்களின் கடவுச்சொல் பட்டியல் என்ற பெயரில் வந்த ஒரு வேர்ட் பைலுக்குள் அது இருந்தது. பைலைத் திறந்ததும் அவுட்லுக்கை எழுப்பி, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னையே இணைத்து அனுப்பிக்கொண்டது. பெற்றவர் திறந்தால் அவருடைய புத்தகத்திலிருந்து இன்னொரு 50.

கவனிக்க வேண்டியது அதன் சப்ஜெக்ட் வரி. இன்னாரிடமிருந்து முக்கியச் செய்தி என்று அதில் இருக்கும். அந்த 'இன்னார்' இடத்தில், வேர்டில் பதிவாகியிருந்த பயனரின் பெயரை மேக்ரோ எடுத்துப் போட்டது. தெரிந்தவர் பெயரைப் பார்த்ததும் திறக்காமல் இருப்பார்களா? வேர்டின் சொந்த மெர்ஜுக்கு இன்றுவரை வராத இரண்டு வேலையையும், அதாவது சப்ஜெக்டில் பெயர், கூடவே ஓர் இணைப்பு, 1999-லேயே ஒரு வைரஸ் கச்சிதமாகச் செய்து முடித்தது. மெயில் சர்வர்கள் திணறிப்போய் மைக்ரோசாஃப்டே தன் மெயில் போக்குவரத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதை எழுதிய நியூ ஜெர்சிக்காரர் டேவிட் ஸ்மித்துக்கு 2002-ல் 20 மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. நம் அலுவலக மேக்ரோ அவுட்லுக்கை எழுப்பும் வரியும் மெலிசா எழுப்பிய வரியும் ஒன்றேதான். மேக்ரோ என்றாலே கணினிப் பிரிவுக்காரர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

*

2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸும் வந்துவிட்டுப் போன பிறகு, அவுட்லுக்குக்கு ஒரு பூட்டு போட்டார்கள். வேறொரு புரோகிராம் உங்கள் சார்பில் மெயில் அனுப்பப் பார்க்கிறது, விடலாமா என்று பெட்டி வரும். 'எஸ்' பொத்தான் ஐந்து விநாடி கழித்துத்தான் உயிர்பெறும். ஒவ்வொரு மெயிலுக்கும் இப்படி. ஐந்நூறு மெயிலுக்கு வெறும் காத்திருப்பே 40 நிமிடத்தைத் தாண்டும். மனிதர்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் பொத்தானைத் தானே அமுக்கிக்கொடுக்க ஒரு மென்பொருள் எழுதிவிட்டார்கள்! அவுட்லுக் 2007-லிருந்து, வைரஸ் தடுப்பு மென்பொருள் நடப்பில் இருந்தால் பெட்டி வருவதில்லை.

*

அப்புறம் 2022. இணையத்திலிருந்து இறக்கிய பைலில் மேக்ரோ இருந்தால் ஓடவே விடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நண்பர் மெயிலில் அனுப்பிய மேக்ரோ பைல் சிவப்புப் பட்டையோடு முரண்டு பிடித்தால் காரணம் இதுதான். நம்பகமான பைல் என்று உறுதியாகத் தெரிந்தால், அதன் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'அன்பிளாக்' கொடுக்கலாம். இன்னொன்று, டாக்எக்ஸ் என்று முடியும் பைலில் மேக்ரோ தங்காது. டாக்எம் என்று சேமிக்க வேண்டும். உழைத்து எழுதிய மேக்ரோ மறுநாள் காணோம் என்பவர்களில் பாதிப் பேர் இதில் விழுந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

*

விபிஏ எடிட்டருக்குத் தமிழ் தெரியாது. 'வணக்கம்' என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். வேர்ட் யூனிகோடுக்கு மாறிக் காலம் எவ்வளவோ ஆகிவிட்டது. மேக்ரோ எழுதும் ஜன்னல் மட்டும் பழைய எழுத்துக் குறியீட்டிலேயே நிற்கிறது, அதில் தமிழுக்கு இடமே ஒதுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகக் கொடுப்பது ஒரு வழி: 'அ' 2949, 'வ' 2997. ஒரு வாக்கியம் எழுதுவதற்குள் வெறுத்துவிடும். தமிழ் சப்ஜெக்ட் வரியை எக்செலில் ஒரு நெடுவரிசையாக எழுதிவைத்து மேக்ரோவை அதைப் படிக்கச் சொல்வதே புத்திசாலித்தனம். படிக்கும்போது தமிழ் உடையாது, எடிட்டரில் தட்டும்போதுதான் உடையும்.

*

பெயரோடு 'க்கு' சேர்த்து மெர்ஜ் போட முயன்றவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். ரவிக்கு, முருகனுக்கு, மாலாவுக்கு: ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாய்ச் சேரும், வேர்டுக்குப் புணர்ச்சி இலக்கணம் தெரியாது. பெயரைத் தனியே விட்டு 'அவர்களுக்கு' என்று போட்டால் தொல்லை விட்டது, மரியாதையும் கூடும்.

*

தேதியில் ஒரு வேடிக்கை. எக்செலில் ஒழுங்காக இருக்கும் தேதி கடிதத்தில் மாதம் முன்னால், நாள் பின்னால் என்று அமெரிக்கத் தோரணையில் வந்து நிற்கும். ஆல்ட்டும் எஃப்9-ம் சேர்த்து அமுக்கினால் ஃபீல்டின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியும்; அதில் தேதி வடிவத்தைச் சேர்க்கலாம். ஆங்கில 'எம்' பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். சிறியதைப் போட்டீர்களானால் கெடு தேதியின் மாதம் பூஜ்யமாக அச்சாகும்.

*

எக்செல் பட்டியலைப் படிக்கும்போது, ஒரு நெடுவரிசையில் இருப்பது எண்ணா எழுத்தா என்று வேர்ட் முதல் எட்டு வரிசையை வைத்தே ஊகித்துக்கொள்கிறது. எட்டு வீட்டு எண்களும் 12, 14, 15 என்று வந்து, ஒன்பதாவது '16ஏ' என்றால் அது வெற்றிடமாகவோ பூஜ்யமாகவோ போகலாம். நெடுவரிசை முழுவதையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் சரி.

*

மேக்ரோ வேகமாக அனுப்பும்; மெயில் சேவை அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளாது. இலவச ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 என்பது உச்சவரம்பு. மைக்ரோசாஃப்ட் 365 அலுவலகக் கணக்கில் நாளுக்கு 10,000 பெறுநர்கள், நிமிடத்துக்கு 30 மெயில். அதனால் சுற்றுக்கு இரண்டு விநாடியாவது மேக்ரோவை நிற்கவிடுவது நல்லது. தப்பு மெயில் போகாமல் காக்கும் வழி ஒன்றும் அவுட்லுக்கிலேயே இருக்கிறது: 'வொர்க் ஆஃப்லைன்' பொத்தான். அதை அமுக்கிவிட்டு மேக்ரோவை ஓட்டினால் எல்லா மெயிலும் அவுட்பாக்ஸில் வந்து அடுக்கி நிற்கும். திறந்து பார்க்கலாம், தப்பிருந்தால் மொத்தமாக அழிக்கலாம். திருப்தியானால் மறுபடி அதே பொத்தான்.

*

அவுட்லுக்கே வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரேஆபீஸ் ரைட்டர் இருக்கிறது. மெயில் சர்வர் விவரத்தைக் கொடுத்துவிட்டால் அதுவே நேரடியாக அனுப்பும். அதன் மேக்ரோக்களில் மெயில் மெர்ஜுக்கென்று உள்ள சேவையில் சிசி, பிசிசி இரண்டுக்கும் இடம் உண்டு. காசு கொடுத்து வாங்கும் வேர்டில் இல்லாதது, இலவசத்தில் இருக்கிறது.

*

கடைசியாக, மேக்ரோ வைத்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்திருக்கும் 'புதிய அவுட்லுக்' விபிஏவை ஏற்காது; வேர்ட் மேக்ரோவால் அதை எழுப்பி மெயில் அனுப்பச் சொல்லும் வழியும் அதில் இல்லை. மேலே சொன்ன அவுட்லுக் வித்தைகளெல்லாம் பழைய, 'கிளாசிக்' அவுட்லுக்கில்தான் நடக்கும். திரையின் மேல்மூலையில் புதியதற்கு மாறச் சொல்லி ஒரு பொத்தான் அழைத்துக்கொண்டே இருக்கும். மாதாமாதம் சம்பளச் சீட்டு அனுப்பும் கணினியில் தயவுசெய்து அதைத் தொட வேண்டாம்.