நின்றாலும் வரவு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் நாம் நாள்தோறும் ஏறும் புறநகர் ரயிலுக்கும் ஒரு வரவுக் கணக்கு உண்டு. 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்ரயில் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. 2002இல் மத்திய, மாநில அரசுகளின் நிதியுடனும் உலக வங்கிக் கடனுடனும் மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் உருவெடுத்தது. அதில் வந்த புதிய ரயில்கள், பிரேக் போடும்போது தாமே மின்சாரம் உண்டாக்கி மேலுள்ள கம்பிக்குத் திருப்பியளிக்கின்றன. செலவான மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வாறு மீள்கிறது.

பற்றுப் பக்கமும் உண்டு. தொலைதூர ரயில்களுக்குத் தனி வழி தரக் குர்லா–தாணே இடையே கூடுதல் தண்டவாளங்கள் அமைக்க, பாதையோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தன. நம் விரைவுப் பயணத்தில் அவர்கள் செலுத்திய முதலீட்டையும் நாம் மறவாதிருப்போம்.